நூற்றைம்பது சொல்லுக்குள்

ஆஸ்திரேலிய மாணவர் விசாவில் 8105 என்று எண்ணிட்ட நிபந்தனை ஒன்று உண்டு. வகுப்புகள் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். கல்லூரி விடுமுறையில் வரம்பு இல்லை. முனைவர் பட்டம் போன்ற ஆய்வுப் படிப்பில் இருப்பவர்களுக்கு, படிப்பு தொடங்கிவிட்டால் எப்போதுமே இல்லை. மற்ற எல்லாரும் எண்ணிக்கொண்டே வாழ வேண்டும்.

எண்ணுவதும் அத்தனை எளிதல்ல. 'இரண்டு வாரம்' என்பது சம்பளச் சீட்டில் காணும் இரண்டு வாரம் அன்று. ஏதேனும் ஒரு திங்கட்கிழமையில் தொடங்கும் எந்தப் பதினான்கு நாளாகவும் அது இருக்கலாம். முதல் வாரம் 18 மணி, இரண்டாம் வாரம் 30 மணி என்றால் கூட்டுத்தொகை 48, பழுதில்லை. மூன்றாம் வாரம் 22, நான்காம் வாரம் 20 என்றால் 42, அதுவும் சரி. ஆனால் இரண்டாம் வாரத்தையும் மூன்றாம் வாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் 52 வருகிறது. மீறல் நிகழ்ந்துவிட்டது. நிகழ்த்தியவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

இந்தக் கணக்கையெல்லாம் நான் எனக்காகக் கற்றுக்கொள்ளவில்லை. மெல்பர்னில் பல வருடங்களாக இருக்கிறேன். கூட்டங்களுக்குப் போகிறவன், அவ்வப்போது ஏதாவது எழுதுகிறவன் என்ற ஒரே தகுதியால் பிறருடைய கடிதங்களைத் திருத்தித் தரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. அழைப்பிதழ் வாசகம், இரங்கல் குறிப்பு, வாடகை வீட்டுக்கான அறிமுகக் கடிதம் என்று எதையாவது யாராவது அனுப்பிக்கொண்டிருப்பார்கள். 2024 கடைசியில் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஒரு நண்பர் மூலமாக என்னைத் தேடி வந்தார். முதுகலைப் படிப்பில் மூன்று பாடங்கள் தேறவில்லை. படிப்புக் காலம் நீண்டுவிட்டது. கையில் இருந்த மாணவர் விசா முடியப் போகிறது, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். "ஒரு லெட்டர் மட்டும் நல்லா எழுதித் தரணும் சார். கல்லும் கரையற மாதிரி" என்றார்.

கல்லைக் கரைக்க வேண்டிய தேவை என்ன என்று கேட்டேன். கைபேசியில் விண்ணப்பத்தின் ஒரு கேள்வியைக் காட்டினார். நீங்களோ, இந்த விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்ட வேறு எவருமோ, ஆஸ்திரேலியாவிலோ வேறு நாட்டிலோ விசா நிபந்தனைகளுக்கு இணங்காமல் இருந்ததுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். ஊரில் அவரை அனுப்பிவைத்த ஏஜெண்ட் தெளிவாகச் சொல்லிவிட்டாராம்: "இல்லைன்னு போடு. ரொக்கமா வாங்கின பணத்துக்கு ஏது சாட்சி?"

*

அவர் வந்து இறங்கிய காலத்தைச் சொல்லாமல் அவர் செய்ததைச் சொல்வது நியாயமாகாது.

பெருந்தொற்று தொடங்கிய 2020 ஏப்ரலில், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத வெளிநாட்டு மாணவர்கள் ஊர் திரும்ப வேண்டிய நேரம் இது என்ற பொருளில் அப்போதைய பிரதமர் ஸ்காட் மாரிசன் பேசினார். இங்கேயே தங்கிவிட்டவர்கள் உணவுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். 2022 ஜனவரியில் காட்சி மாறியது. கடைகளில் ஆள் இல்லை, உணவகங்களில் ஆள் இல்லை. எட்டு வாரத்துக்குள் வந்து சேரும் மாணவர்களுக்கு விசாக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், வந்து வேலையும் செய்யுங்கள் என்று அதே அரசு அழைத்தது. வேலை நேர வரம்பும் எல்லா மாணவர்களுக்கும் தளர்த்தப்பட்டது. 2023 ஜூன் 30 வரை அந்தத் தளர்வு நீடித்தது. ஜூலை 1 முதல் வரம்பு திரும்பி வந்தது. முன்பு 40 ஆக இருந்தது 48 ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

நம் இளைஞர் 2022 நடுவில் வந்தவர். முதல் ஓராண்டு ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வாரத்துக்கு 45 மணி நேரம் நின்றார். அப்போது அது விதிக்கு உட்பட்ட உழைப்பு, நாட்டுக்குச் செய்த உதவி என்றும் பாராட்டப்பட்டது. 2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை இரவுக்கும் அடுத்த திங்கட்கிழமைக்கும் நடுவே அதே அடுப்பு, அதே வெங்காய மூட்டை, அதே 45 மணி நேரம், விதிமீறலாகிவிட்டது.

விதிக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாணவர் விசா படிப்பதற்காகத் தரப்படுவது. வாரத்துக்கு 45 மணி நேரம் நின்றவர் மூன்று பாடங்களில் தேறவில்லை என்பதே அந்த விதியின் தரப்பில் நிற்கும் வாதம். ஆனால் வரம்பு திரும்பி வந்தபோது வாடகை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வீட்டுப் பத்திரமும் திரும்பவில்லை. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு நம் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். அப்பாவின் பெயரில் இருந்த ஒரே வீட்டின் பத்திரம் வங்கியில் இருந்தது.

உணவக முதலாளியும் நம் ஊர்க்காரர்தான். அவர் ஒரு வழி சொன்னார். "தம்பி, இருபத்துநாலு மணி நேரத்தை பேங்க்ல போட்டுடறேன். மிச்சத்தைக் கையில தந்துடறேன். உனக்கும் தொல்லையில்லை, எனக்கும் தொல்லையில்லை." கையில் தந்தது மணிக்கு 15 டாலர். அந்த ஜூலையில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23.23 டாலர். நிரந்தரமில்லாத பணியாளருக்கு அதற்கு மேல் 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும்.

பத்து மாதம் கழித்து, தேர்வில் தோற்ற பிறகு, கூடுதல் நேரம் வேண்டாம் என்று இவர் சொன்னார். பாக்கியிருந்த மூன்று வாரக் கூலியையும் கேட்டார். முதலாளி குரலை உயர்த்தவில்லை. "நான் இமிக்ரேஷனுக்கு ஒரு ஃபோன் போட்டா நீ எங்க இருப்பேன்னு யோசிச்சியா தம்பி?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

*

இந்த ஏற்பாடு ஒரு தனி மனிதரின் கண்டுபிடிப்பன்று. 2015 ஆகஸ்ட் கடைசியில் ஏபிசி தொலைக்காட்சியின் 'ஃபோர் கார்னர்ஸ்' நிகழ்ச்சியும் ஃபேர்ஃபாக்ஸ் நாளிதழ்களும் சேர்ந்து செவன்-இலெவன் கடைகளைப் பற்றி வெளியிட்ட செய்தி இந்த நாட்டை உலுக்கியது. அக்கடைகளில் பலவற்றில் வேலை பார்த்தவர்கள் வெளிநாட்டு மாணவர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் உழைத்தவருக்கு 20 மணி என்று கணக்கு எழுதப்பட்டது. ஏட்டில் பார்த்தால் கூலியும் சரி, விசாவும் சரி. உண்மையில் பாதிக் கூலி, இரட்டை உழைப்பு. புகார் செய்யப் போனால் முதலில் அகப்படுவது புகார் செய்பவரே. அந்த விவகாரத்தில் பாக்கிக் கூலியாகத் திருப்பித் தரப்பட்ட தொகை 15 கோடி டாலரைத் தாண்டியது.

மாணவர் உலகில் நாமறிந்த அச்சங்கள் பல. தேர்வு, கடன், தனிமை. ஆனால் இந்த அச்சம் வேறு வகை. ஒருவன் ஒரு விதியை மீறுகிறான். அரசுக்கு அது தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அந்த மீறலால் லாபம் பார்ப்பவர். அந்தக் கணத்திலிருந்து தண்டிக்கும் அதிகாரம் அரசிடமிருந்து அவர் கைக்கு மாறிவிடுகிறது. அவர் எந்தத் தண்டனையும் தர வேண்டியதில்லை, நினைவூட்டிக்கொண்டிருந்தால் போதும். மணிக்கு 15 டாலர் என்பது உழைப்பின் விலை மட்டுமல்ல, மௌனத்தின் விலையும் கழிக்கப்பட்ட தொகை.

இதை அரசும் காலம் தாழ்த்திப் புரிந்துகொண்டது. விசா நிபந்தனையை மீறியிருந்தாலும் உழைத்தவருக்குக் கூலி உரிமை உண்டு என்று 2023-இல் வேலைச் சட்டம் திருத்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல், விசா நிலையைக் காட்டி மிரட்டி நிபந்தனையை மீறி வேலை வாங்குவது முதலாளிக்குச் சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். நிபந்தனையை மீறி வேலை செய்தவரைக் குற்றவாளியாக்கிய பழைய பிரிவு அப்போதே நீக்கப்பட்டது. சுரண்டலுக்கு ஆளானவர் என்று அங்கீகாரம் பெற்ற அமைப்பொன்று சான்றளித்தால், இனி நிபந்தனைக்கு உட்பட்டு நடப்பேன் என்று அவரும் உறுதியளித்தால், அந்த மீறலுக்காக விசாவை ரத்து செய்யாமல் விடுவதற்கும் வழி வந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு கையில் இருக்கும் விசாவுக்கு. புதிதாகக் கேட்கும் விசாவுக்கு அது பொருந்தாது. புதிய விண்ணப்பத்தில் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆம், இல்லை.

*

விசா ஆலோசனை சொல்ல இங்கே வழக்கறிஞர்களுக்கும் பதிவுபெற்ற முகவர்களுக்கும்தான் உரிமை. நான் வாக்கியம் பார்க்கிறவன். ஆகவே அவரை இலவசச் சட்ட உதவி மையம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் வழக்கறிஞர் பொறுமையாக விளக்கியதில் இரண்டு செய்திகள் என் மனத்தில் தங்கின.

முதலாவது, குடிபெயர்வுச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு. நிபந்தனையை மீறினால் விசாவை ரத்து செய்யலாம் என்கிறது. 2013 வரை மாணவர்களின் வேலை நேர மீறலுக்கு ரத்து கட்டாயம். அதிகாரி இரக்கப்பட்டாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பிறகுதான் அது அதிகாரியின் விருப்புரிமைக்குள் வந்தது. 'வேண்டும்' போய் 'லாம்' வந்தது. இலக்கணப் புத்தகத்தில் அது ஒரு விகுதி. இங்கே அந்தச் சிறு இடைவெளிக்குள் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. ரத்தாகிவிட்டால் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிக விசா எதுவும் கிடைப்பது அரிது.

இரண்டாவது, பொய்யைப் பற்றிய விதி. விண்ணப்பத்தில் தவறான தகவல் தந்தது தெரியவந்து விசா மறுக்கப்பட்டால், அதற்கும் மூன்றாண்டுத் தடை. அடையாளத்திலேயே பொய் என்றால் பத்தாண்டு. "மீறலுக்கு விளக்கம் சொல்ல இடம் இருக்கிறது. பொய்க்கு விளக்கம் சொல்லும் இடம் மிகச் சிறியது" என்றார் அவர். ரொக்கத்துக்குச் சாட்சி இல்லை என்ற ஏஜெண்டின் வாதத்துக்கும் பதில் வைத்திருந்தார். சம்பளம் போடும்போதெல்லாம் விவரம் வரித்துறைக்குப் போய்விடும் ஏற்பாடு சிறிய முதலாளிகளுக்கும் 2019-லிருந்து உண்டு. ரொக்கம் அதில் வராது. ஆனால் ரொக்கம் எங்காவது வங்கிக் கணக்கில் விழும், வாடகையாக மாறும், ஊருக்குப் போகும். 24 மணி நேரக் கூலியில் ஒருவர் இத்தனையும் எப்படிச் செய்தார் என்று யாரேனும் கேட்கும் நாள் வரலாம். வராமலும் போகலாம். அந்த 'லாம்' இவர் தலைமேல் தொங்கும்.

அப்போதுதான் இளைஞர் தயங்கித் தயங்கித் தன் பையிலிருந்து இரண்டு நாட்காட்டிகளை எடுத்தார். ஊரில் ஒரு ஜவுளிக்கடை ஆண்டுதோறும் தரும் மாத நாட்காட்டி. அம்மா யாரிடமோ கொடுத்து அனுப்பியது. ஒவ்வொரு நாளின் கட்டத்திலும், ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே, நீல மையில் சிறு எண்கள். 8, 9, 7½. முதலாளி நேரத்தைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாதே என்று இரவில் வந்து எழுதிவைத்தவை. பத்து மாதத்துக்கும் இருந்தது.

வழக்கறிஞர் அதை நெடுநேரம் புரட்டினார். கல்லூரி விடுமுறை வாரங்களைக் கழித்தார். இரண்டிரண்டு வாரமாகக் கூட்டினார். 21 வாரங்கள் மீறலுக்குள் வந்தன. பிறகு அதே எண்களை வேறொரு தாளில் வேறு விதமாகக் கூட்டினார். அது வரவேண்டிய கூலி. இளைஞரின் விதிமீறலுக்கும் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கும் ஒரே சாட்சி அந்த நாட்காட்டிதான். ஒன்றை மறைத்தால் இன்னொன்றும் மறைந்துவிடும். 'இல்லை' என்ற வட்டத்தைத் தொட்டால், அந்த 21 வாரமும் நடக்கவேயில்லை என்று அவரே எழுதிக்கொடுத்ததாக ஆகும். நடக்காத வாரத்துக்குக் கூலி கேட்க முடியாது.

*

அவர் 'ஆம்' என்று முடிவு செய்தார். முடிவு அவருடையது. அதன்பின் என் வேலை தொடங்கியது.

மாணவர் விசா விண்ணப்பத்தில், 2024 மார்ச்சிலிருந்து, உண்மையான மாணவர்தானா என்று அறியச் சில கேள்விகள் வைத்திருக்கிறார்கள். ஊரில் உங்கள் நிலை என்ன, இந்தப் படிப்பை இங்கே ஏன் தேர்ந்தீர்கள், இதனால் என்ன பயன், வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா. ஒவ்வொன்றுக்கும் 150 சொற்கள், ஆங்கிலத்தில். மீறலைப் பற்றி அந்தக் கடைசிக் கேள்வியில் சொல்வது, விவரங்களைத் தனியே இணைப்பது என்று வழக்கறிஞர் வழிகாட்டினார்.

நம் கூட்டங்களில் 'வாக்குமூலம்' என்ற சொல்லை எத்தனை எளிதாகப் புழங்குகிறோம்! இந்தக் கவிதை ஒரு வாக்குமூலம், அந்த நாவல் ஒரு தலைமுறையின் வாக்குமூலம். உண்மையான வாக்குமூலம் ஒன்றை எழுத உட்கார்ந்தபோது அந்தச் சொல்லின் எடை தெரிந்தது. அவர் தமிழில் எழுதிக்கொண்டு வந்த முதல் வரைவு நான்கு பக்கம். அதில் அம்மாவின் அறுவை சிகிச்சை இருந்தது, பொய்த்துப்போன மழை இருந்தது, பாதங்களில் விழுந்து கேட்கிறேன் என்ற வாக்கியம் இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அம்மாவின் அறுவை சிகிச்சை 2021-இல் நடந்தது. மீறலுக்கு அது காரணமல்ல.

"இதை எடுத்துடலாமா தம்பி?" என்றேன்.

"அது நடந்ததுதானே சார்?"

"நடந்ததுதான். ஆனா இதுக்காக நடக்கலையே."

தமிழில் காரணம் வேறு, சாக்கு வேறு. உண்மையான துயரமே ஆனாலும் இடம் மாற்றி வைத்தால் சாக்காகிவிடும். அவருக்கு அது புரிந்தது. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே அந்தப் பத்தியின் மேல் கோடு போட்டார்.

அடுத்து உரிச்சொற்கள் போயின. 'மிகவும்', 'ஆழ்ந்த', 'கொடிய' எல்லாம் 150 சொல்லில் இடம் கேட்டு நின்றன. எதற்கும் இடமில்லை. முதலாளியைப் பற்றிய வசைகள் போயின. மிரட்டல் நடந்த நாளும் சொன்ன சொற்களும் இணைப்பில் நின்றன. வருத்தம் என்பது ஒரே ஒரு வாக்கியமானது. மிஞ்சியவை இவை: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை வாரம், எத்தனை மணி, எவ்வளவு கூலி, எப்போது நிறுத்தினார், இப்போது எங்கே வாரத்துக்கு 20 மணி வேலை பார்க்கிறார், தேறாத மூன்று பாடங்களில் இரண்டை எப்போது தேறினார். எண்ணிப் பார்த்தால் 143 சொற்கள். கல் கரைவதற்கான எதுவும் அதில் இல்லை. ஆனால் எந்த வாக்கியத்தைத் தொட்டாலும் அடியில் ஒரு தாள் இருந்தது.

மாணவர் விசா தருவதற்கான விதியில் ஓரிடம் உண்டு. விண்ணப்பிப்பவர் நிபந்தனைகளுக்கு இணங்கி நடக்க எண்ணுகிறாரா என்பதை அதிகாரி இரண்டைக் கொண்டு மதிப்பிட வேண்டும். ஒன்று, முன்பு வைத்திருந்த விசாவின் நிபந்தனைகளுக்கு அவர் இணங்கி நடந்த வரலாறு. மற்றொன்று, இனி இணங்குவதாக அவர் சொல்லும் நோக்கம். முன்னதில் பழுது இருக்கும்போது பின்னதை நம்ப வைப்பது எப்படி? நெடுநாள் யோசித்தேன். பழுதான வரலாற்றைத் தானே குறைவின்றி எழுதித் தருவதுதான் நோக்கத்துக்கு ஒருவர் தரக்கூடிய ஒரே சான்று என்று தோன்றுகிறது. மற்றதெல்லாம் வாக்குறுதி. வாக்குறுதியை ஏஜெண்டுகூட எழுதித் தந்துவிடுவார்.

*

விண்ணப்பக் கட்டணம் அப்போது 1,600 டாலர். 2025 ஜூலையில் அது 2,000 ஆகியது. மறுத்தால் அந்தப் பணம் திரும்பாது. மூன்று மாதத்துக்கும் மேலாகக் காத்திருந்தார். அந்தக் காலத்தில் அவர் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவர் போய் வங்கி வாசலில் நிற்பார் என்றார். பிறகு விசா வந்தது. அதிலும் 8105 இருந்தது.

இதை 'உண்மை வென்றது' என்று வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே தாள்களை வேறோர் அதிகாரி வேறு விதமாக நிறுத்துப் பார்த்திருக்கலாம். 21 வாரம் என்பது சிறிய எண்ணல்ல. மறுக்கப்பட்டிருந்தால் அதுவும் சட்டத்துக்கு உட்பட்ட முடிவாகவே இருந்திருக்கும். பத்திரம் வங்கியிலேயே இருந்திருக்கும். ஆகவே இதே நிலையில் உள்ள எவருக்கும் இதைச் செய், இது நடக்கும் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள் என்பதைத் தவிர.

ஆனால் விசா வருவதற்கு முன்பே நடந்துவிட்ட ஒன்று உண்டு. விண்ணப்பத்தை அனுப்பிய மறுவாரம், பாக்கிக் கூலியைக் கேட்டு இளைஞர் முதலாளிக்கு எழுத்தில் கடிதம் கொடுத்தார். பழைய கேள்வியே மறுபடி வந்தது, இமிக்ரேஷனுக்கு ஃபோன் போட்டால் என்ன செய்வாய் என்று. "நானே எழுதிக் கொடுத்துட்டேன் அண்ணே" என்றாராம். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு இல்லை. பணம் மூன்று தவணைகளில், கேட்டதைவிடக் குறைவாக, வந்தது.

அரசுக்கு எழுதிய அந்த 143 சொற்களின் பயனை நான் அங்கேதான் காண்கிறேன். விசா என்பது ஓர் அதிகாரி தந்தது, இன்னோர் அதிகாரி எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் பத்து மாதமாக ஒருவர் சட்டைப்பையில் இருந்த இவருடைய பயம், எழுதிக் கொடுத்த அன்றே இவரிடம் திரும்பி வந்து சேர்ந்துவிட்டது. தன்னுடைய பயம் தன் கையில் இருந்தால் மனிதன் எப்படியோ சமாளித்துக்கொள்கிறான்.